தாடி இல்லாத சேவல்

பிரிசில்லா அக்காவின் கோழிகளை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அவற்றுக்கு ஏதோ சீக்கு என்றுதான் நினைப்பார்கள். தலையில் இறகு இருக்கும். உடம்பிலும் இருக்கும். நடுவில் கழுத்து மட்டும் உரித்து வைத்ததுபோல வெறும் தோலாக, சிவப்பாக நீண்டு நிற்கும். வெயில் ஏற ஏற அந்தச் சிவப்பு இன்னும் ஏறும். பேரணாம்பட்டுக்கு வெளியே இருக்கிற எங்கள் காலனியில் அதற்கு மொட்டைக்கழுத்து என்று பெயர்.

"இன்னாக்கா, உங்க சேவலுக்குக் காலர் கிழிஞ்சி போச்சா?" என்று கேட்காமல் அவள் வாசலைத் தாண்டுகிற இளவட்டம் கிடையாது.

"ஆமாண்டா. கம்பெனிக்கு எடுத்துக்கினு போய்த்தான் தெக்கணும். ஓவர்டைம் தருவானான்னு கேட்டுச் சொல்லு" என்பாள் அக்கா, தலையைத் திருப்பாமலே.

அக்காவுக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. மேல்தோல் தைக்கிற லைனில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். காலையில் காலனி முனைக்கு வேன் வரும், பொழுது சாயும்போது கொண்டுவந்து விடும். ஜோலார்பேட்டை ரயில்வே குடும்பத்துப் பெண். தண்டவாள வேலை பார்த்த அப்பாவின் மூத்த மகள். கட்டிக்கொண்டு வந்த சுந்தர்ராஜ் அண்ணன் இங்கே ஒரு தோல் ஷாப்பில் தோல் பதனிடுகிற டிரம்மை ஓட்டுகிறவர். அவர் வீட்டுக்கு அவள் வந்தபோது கோழி வளர்ப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு மே மாதம்தான் கற்றுக்கொடுத்தது.

அந்த வருடம் வெயில் மிகவும் மோசம். தகரக் கூரைக்கு அடியில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. தண்ணீர் தெளித்தும் சாக்கு நனைத்துப் போட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. யாரும் வாங்காமல் சந்தையில் மிஞ்சிக் கிடந்ததால் சுந்தர்ராஜ் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு மொட்டைக்கழுத்துப் பெட்டை மட்டும் எதுவும் நடக்காததுபோலக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலும் முட்டை வைத்தது. கழுத்தில் இறகு இல்லாததால் சூடு வெளியே போய்விடுகிறது என்று அக்கா தானே யோசித்துக் கண்டுபிடித்தாள். இனிமேல் இந்த வீட்டில் இந்த ஜாதிக் கோழிதான் என்று முடிவெடுத்தாள்.

முடிவெடுப்பது சுலபம். அவள் மொட்டைக்கழுத்துப் பெட்டையைத் தெருச் சேவலோடு விட்டால் பாதிக் குஞ்சு கழுத்து நிறைய இறகோடு வந்தது. மீதிப் பாதிக்குக் கழுத்து மொட்டையாக இருந்தது, ஆனால் வளர்ந்ததும் தொண்டைக்கு முன்னால் ஒரு சின்னக் கொத்து இறகு முளைத்தது. அதற்குத் தாடி என்று பெயர் வைத்தாள். சேவலும் மொட்டை, பெட்டையும் மொட்டை என்று சேர்த்து விட்டபோதுதான் தாடியே இல்லாத குஞ்சுகள் நடுநடுவே வந்தன. தாடி உள்ளதற்கு ஒரு பக்கத்து ரத்தம் வேறு, தாடி இல்லாததற்கு இரண்டு பக்கமும் ஒரே ரத்தம். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து அவள் வீட்டில் ஒரே சட்டம். தாடி முளைத்தால் குழம்பு.

வருடக்கணக்கில் இந்தச் சட்டம் நடந்தது. நல்ல எடை வைத்த சேவல், தினமும் முட்டை வைக்கிற பெட்டை, எதுவானாலும் தொண்டையில் ஒரு கொத்து தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் ஏறிவிடும். "என் பொண்டாட்டி கையில எனக்கும் தாடி வளந்தா இன்னா ஆவும்னு பயமா இருக்குது" என்று சுந்தர்ராஜ் அண்ணன் தினம் சவரம் செய்துகொள்வார். கடைசியில் அவள் முற்றத்தில் தாடி வைத்த கோழி ஒன்றுகூடப் பிறக்காத நிலை வந்தது.

அப்படி வந்த பிறகுதான், போன மழைக்காலத்தின் முடிவில், எல்லாம் போனது.

கோழிகளுக்குச் சொட்டு மருந்து போட வேண்டிய வாரத்தில் கம்பெனியில் அவசர ஆர்டர். ஞாயிற்றுக்கிழமைகூட வேன் வந்தது. அக்கா அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள். அடுத்த வாரத்துக்குள் வெள்ளைக் கழிச்சல் நோய் காலனிக்குள் நுழைந்தது. அவளுடைய கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. மிஞ்சியவை இரண்டு இளம் பெட்டைகள். ஆம்பூரில் தங்கை ஷர்மிளா வீட்டில் விட்டு வைத்திருந்த ஒரு செவலைச் சேவலும் தப்பியது.

அந்தச் சேவல்தான் இனி எல்லாமே. வேறு எந்தச் சேவலைச் சேர்த்தாலும் குஞ்சுக்குத் தாடி முளைக்கும். அவ்வளவு வருடத்து வேலையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலனியில் நோய் அடங்கியதும் அக்கா அதைக் கூடையில் வைத்து வேனிலேயே கொண்டுவந்தாள். வேனில் வந்த பெண்கள் எல்லோரும் அதன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

வந்த அதே வாரத்தில் தெருநாய்க் கூட்டம் ஒன்று காலனிக்குள் புகுந்து பல வீட்டுக் கோழிகளைக் குதறிவிட்டுப் போனது. காலையில் அக்கா எழுந்து பார்த்தபோது கூண்டுக் கதவு சாய்ந்து கிடந்தது. பெட்டைகள் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. சேவலைக் காணோம். செவலை இறகுகள் தெருவோரம் ஒரு குவியலாகக் கிடந்தன.

அக்கா அந்த இறகுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே இரண்டு வீடு தள்ளிச் சேவல் கூவியது.

அது ரத்தினசாமி அண்ணன் வீடு. தோல் ஷாப்புகளுக்கு லோடு ஏற்றி இறக்கிய மனிதர். இப்போது முதுகுவலி என்று வீட்டோடு இருக்கிறார். அவர் வாசலில், காலில் கயிறு கட்டி, ஒரு செவலை மொட்டைக்கழுத்துச் சேவல் நின்றது. அக்கா கையை நீட்டினாள்.

"தொடாத" என்றார் ரத்தினசாமி. "என்னுது அது. தெருவுல ஓடிக்கினு இருந்தத நான்தான் புடிச்சிக் கட்டினேன்."

அவருடைய பேச்சிலும் அர்த்தம் இருந்தது. போன வருடம் அக்கா கடைசியாகக் குழம்புக்கு ஒதுக்கிய ஒரு தாடிக் குஞ்சை, "அத்த ஏம்மா அறுக்கிற, எனக்குக் குடு" என்று அவர்தான் வாங்கிக்கொண்டு போனார். அதுவும் செவலை, அதுவும் மொட்டைக்கழுத்து. இரண்டு சேவலும் ஒரே வயது. தெருவில் இருந்தது இரண்டு. நாய்க்குப் போனது ஒன்று. மிச்சம் நிற்பது யாருடையது என்பதுதான் கேள்வி.

"அண்ணா, உங்க சேவலுக்குத் தாடி இருந்திச்சி. இதுக்கு எங்க தாடி?"

"நாய் புடுங்கிட்டுப் போச்சு. பாரு, தோல்ல காயம் கீது."

காயம் இருந்தது. ஒரு கீறல், தொண்டைக்கு நேராக.

"அப்ப முளைக்கட்டும். வெயிட் பண்ணிப் பாக்கலாம்."

"காயம் பட்ட எடத்துல முடி முளைக்குமா? என் முழங்காலப் பாரு, லோடு ஏத்தும்போது கிழிஞ்சது, ஒரு மயிரு முளைச்சிதா?" என்று லுங்கியை மடித்துக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

விஷயம் நிசார் அஹமது வீட்டுக்குப் போனது. நிசார் பாய் தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலனிக்கும் பாய்மார் தெருவுக்கும் நடுவில் அவர் வீடு. இரண்டு பக்கத்திலும் எந்தத் தகராறு என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் அவர் சுலபமான வழி ஒன்றைப் பார்த்தார். சேவலை நடுவில் விட்டு, ஆளுக்கொரு பக்கம் நின்று கூப்பிடச் சொன்னார்.

"பா பா பா பா" என்றாள் அக்கா.

"பா பா பா பா" என்றார் ரத்தினசாமி.

சேவல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பாயின் புதுச் சிமெண்ட் தரையில் கழிந்துவிட்டு, செருப்பு வைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

"சரியான பேஜாரு" என்றார் பாய். "வேற எதனா வழி இருக்குதா?"

அப்போதுதான் அக்கா அதைச் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

"இருக்குது பாய். கழுத்து நெறய முடி இருக்கிற பெட்டைங்களோட இத்த வுடுங்க. இது என்னுதா இருந்தா பொறக்கிற குஞ்சு எல்லாமே மொட்டைக்கழுத்தாத்தான் வரும். அவருதா இருந்தா பாதிக் குஞ்சு முடியோட வரும். எண்ணவே வேணாம். ஒண்ணே ஒண்ணு கழுத்துல முடியோட வந்தாலும் சேவலு அவருது. நான் பேசவே மாட்டேன்."

"வாக்கு மாற மாட்டியே?" என்றார் ரத்தினசாமி.

"என் வாயில ஒரே நாக்குதான் இருக்குது."

"பெட்டை என்னுதுதான். உன்னுதுன்னா நீ எதனா தில்லுமுல்லு பண்ணுவ."

"உங்களுதே வுடுங்க!"

அன்று பொழுது சாய்வதற்குள் ரத்தினசாமி வீட்டு முற்றத்திலிருந்து கழுத்து நிறைய இறகுள்ள இரண்டு செவலைப் பெட்டைகள் பாய் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறின. பாயின் மகன் எப்போதோ புறா வளர்த்த பெரிய கம்பிக்கூண்டு அங்கே காலியாக இருந்தது. அதற்குள் சேவலையும் பெட்டைகளையும் விட்டுப் பூட்டினார்கள். சாவி பாயின் ஜிப்பாப் பையில். முட்டைகள் சேர்ந்ததும் பாய் வீட்டு அடைக்கோழிக்கு அடியில் வைப்பது என்று பேச்சு. குஞ்சு பொரித்து முடியும் வரை சேவல் கூண்டிலேயே இருக்கும்.

அக்கா மறுநாள் நிம்மதியாகவே வேன் ஏறினாள். வேனில் எல்லோரிடமும் சிரித்துப் பேசினாள். வருகிற குஞ்சு எப்படி வரும் என்று அவளுக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை.

முட்டைகளை அடை வைத்துச் சில நாள் ஆகியிருக்கும். கம்பெனி லைனில் நூல் மாற்றினார்கள். கறுப்பு ஷூ முடிந்து பழுப்பு நிற ஷூ தொடங்குகிறது. அக்கா மேல்நூலைக் கழற்றிப் பழுப்பு நூலைக் கோத்தாள். பத்துப் பதினைந்து பீஸ் தைத்து நகர்த்திய பிறகு சூப்பர்வைசர் ஜான்சன் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் மேசைக்கு வந்தார்.

"இன்னா பிரிசில்லா இது? புதுசா சேந்தவ மாதிரி? மேல பிரவுன் போட்டுட்டு அடியில பாபின் மாத்தலியா? பாரு, கீழ பூரா கறுப்புத் தையல்."

அக்கா பீஸைத் திருப்பினாள். மேலே புது நூல். அடியில் பழைய நூல், அது தீரும் வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் கை மெஷினிலிருந்து எழுந்துவிட்டது.

ஒரு சேவலிடமிருந்து பிரித்த பெட்டை, அடுத்த சேவலிடம் விட்ட பிறகும் கொஞ்ச காலத்துக்குப் பழைய சேவலுடைய குஞ்சைத் தரும். அது அவளுக்குத் தெரியாத விஷயமா? புதுப் பெட்டை எது வந்தாலும் மூன்று வாரம் தனியாக அடைத்து வைத்து, அந்த முட்டையெல்லாம் பொரியலுக்குப் போன பிறகுதான் தன் சேவலோடு விடுவாள். இத்தனை வருடமாக ஒருதரம்கூடத் தவறாமல் செய்ததை, அன்றைய ஆத்திரத்தில் மறந்துபோனாள். ரத்தினசாமி வீட்டுப் பெட்டைகள் அன்று சாயந்தரம் வரைக்கும் அவருடைய வரிச்சேவலோடு மேய்ந்துகொண்டிருந்தவை. கறுப்பு வெள்ளை வரி போட்ட, கழுத்து நிறைய இறகு சிலிர்க்கிற பெரிய சேவல் அது.

"இன்னா ஆச்சு? உடம்பு சரியில்லையா?" என்றார் ஜான்சன்.

"இல்ல சார். பிரிச்சித் தச்சிக் குடுத்துடறேன்" என்றாள். பீஸைப் பிரித்துத் தைத்துவிடலாம்.

வேனிலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் நேரே நிசார் பாய் வீட்டுக்குப் போனாள். பாய் பொறுமையாகக் கேட்டார். ரத்தினசாமிக்கும் ஆள் அனுப்பினார். அவர் வந்து, நின்றபடியே கேட்டார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"பரீட்சை எழுதி முடிச்சிட்டு, கேள்வி தப்புன்றியா?"

"அண்ணா, நான் பொய் சொல்லல. முதல்ல வெச்ச முட்டைங்கள மட்டும் எடுத்துடலாம். மிச்சம் இருக்கட்டும்."

"எது முதல்ல வெச்சது? பேரு எழுதியா கீது? எல்லாம் ஒண்ணா அடியில கெடக்குது. தோ பாரு பாய், பயம் வந்துடுச்சி இந்தம்மாவுக்கு. சேவலு என்னுதுன்னு அதுக்கே தெரியும். அதான் இப்பவே கதை கட்டுது."

பாய் தாடியைத் தடவினார். "நீ சொல்றது சரியாக்கூட இருக்கலாம்மா. ஆனா அன்னிக்கி அத்தினி பேரு முன்னால சொன்னியே. இப்ப நான் மாத்தினா நாளைக்கி எவன் என் வீட்டுப் படி ஏறுவான்?"

அக்கா தலையாட்டினாள். நியாயம்தான் என்று அவளுக்கும் தெரிந்தது. அதனால் இன்னும் வலித்தது.

வீட்டில் சுந்தர்ராஜ் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "ஊர்ல எல்லாக் குடும்பமும் புருஷன் வாயால கெடும். எனக்கு மட்டும் பொண்டாட்டி வாயி" என்றார். அவள் அழுதுவிட்டதைப் பார்த்ததும், "சரி வுடு. எல்லா முட்டையிலயும் பழசு வந்துடுமா இன்னா?" என்று சமாதானப்படுத்தினார்.

"ஒண்ணு வந்தா போதும். ஒண்ணுன்னு நான்தான் சொன்னேன்."

அந்த நாட்களில் அவளைப் பார்த்தவர்கள் ஆளே இளைத்துவிட்டாள் என்றார்கள். வேனை விட்டு இறங்கியதும் பாய் வீட்டு மாடி ஏறுவாள். கூண்டுக்குள் சேவல் கம்பீரமாக நடந்துகொண்டிருக்கும். அவள் தொண்டையைத்தான் பார்ப்பாள். காயம் ஆறிவிட்டது. சுற்றி ஒரு முடிகூட முளைக்கவில்லை. அது அவளுடையதுதான், கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, கை வைக்க முடியாது. பக்கத்தில் மூலையில் கூடைக்குள் அடைக்கோழி கண்ணை அரைவாசி மூடி உட்கார்ந்திருக்கும். அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் ரத்தினசாமியும் மாடியில் இருந்தார். தானும் கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்ச்சில் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் கேட்டபோது, சேவலுக்காக ஜெபிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒரு வழக்கு இருக்குதுங்க. தீர்ப்பு வரப்போவுது" என்று மட்டும் சொன்னாள். நிலத் தகராறு என்று நினைத்துக்கொண்டு எல்லோரும் உருக்கமாக ஜெபித்தார்கள்.

குஞ்சு பொரிக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்தது. ஆராதனை முடிந்து வெள்ளைப் புடவையோடும் வேதப்புத்தகத்தோடும் அக்கா நேராக மாடி ஏறினாள். சுந்தர்ராஜ் அண்ணன் பின்னாலேயே வந்தார். மாடியில் நிற்க இடமில்லை. காலனிக்காரர்கள், பாய்மார் தெருப் பிள்ளைகள், பக்கத்து மாடிச் சுவரில் சாய்ந்த பெண்கள் என்று ஒரே கூட்டம். வெயில் கொளுத்தியது. ரத்தினசாமி அடைக்கூடைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் வேர்வை வழிந்தும் துடைக்கவில்லை.

நிசார் பாய் ஒரு முறத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதில் பழைய துணி விரித்தார். அடைக்கோழி கொத்தியது. சட்டை செய்யாமல் அதன் அடியில் கையை விட்டார்.

முதல் குஞ்சு வந்தது. பழுப்பு. உள்ளங்கையில் வைத்துக் கழுத்தைத் தூக்கிக் காட்டினார். வெறும் தோல்.

"மொட்டை" என்றது கூட்டம்.

அடுத்தது. மொட்டை. அதற்கடுத்தது. மொட்டை. ஒவ்வொன்றும் முறத்தில் இறங்கும்போது அக்காவின் விரல்கள் வேதப்புத்தகத்தின் மேல் இறுகின. இன்னொன்று. ஈரம் காயாதது. பாய் துணியால் ஒற்றிவிட்டுப் பார்த்தார். மொட்டை. "அடடா, வரிசையா வருது பாரு" என்று யாரோ சொன்னார்கள். ரத்தினசாமி கூடைக்கு இன்னும் நெருங்கி நகர்ந்தார்.

இரண்டு முட்டை கூமுட்டை. அவற்றை ஓரம் வைத்தார் பாய். பிறகு கையை இன்னும் ஆழமாக விட்டுத் துழாவினார்.

"இன்னும் ஒண்ணு கீது."

கையை வெளியே எடுத்தார். கறுப்புக் குஞ்சு. அதன் கழுத்தைச் சுற்றி, தலையிலிருந்து முதுகு வரைக்கும், இடைவெளியே இல்லாமல் பஞ்சு மூடியிருந்தது.

அடைக்கோழிதான் கொக்கரித்தது.

ரத்தினசாமி எழுந்து நின்றார். "தோ! இன்னா சொன்ன நீ? ஒண்ணே ஒண்ணு வந்தாலும்னு சொன்னியா இல்லியா? பாய், சாவியக் குடு."

பாய் அக்காவைப் பார்த்தார். சுந்தர்ராஜ் அண்ணன், "இரு இரு, நியாயம் பேசலாம்" என்று குறுக்கே வந்தார். அக்கா அவரைக் கையால் ஒதுக்கினாள். முன்னால் வந்து முறத்தருகே உட்கார்ந்தாள். கறுப்புக் குஞ்சைக் கையில் எடுத்தாள். தலை உச்சியில் பஞ்சை விரலால் விலக்கினாள். நெற்றிக்கு மேலே, சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல, ஒரு வெள்ளைப் பொட்டு.

செவலைச் சேவலுக்கும் செவலைப் பெட்டைக்கும் இந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? இந்தப் பொட்டு எங்கிருந்து வந்தது? அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் வாயால் சொன்னால் இன்னொரு கதை கட்டுகிறாள் என்பார்கள். பழைய சேவல் விஷயத்தைச் சொன்னபோது சிரித்த அதே சிரிப்பை மறுபடி சிரிப்பார்கள்.

"பாய்" என்றாள். "நான் சொன்னது சொன்னதுதான். சேவல அண்ணன் எடுத்துக்கினு போவட்டும். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அமிர்தவள்ளி அக்காவக் கூப்பிடுங்க. இந்தக் குஞ்சு யாருதுன்னு அவங்க வாயால சொல்லட்டும். கூண்டுச் சேவலுதுன்னு அவங்க சொன்னா சரி, இதுக்கு மேல நான் இந்த மாடி ஏற மாட்டேன்."

"அவ அந்தாளு பொண்டாட்டிடி!" என்று காதருகே சீறினார் சுந்தர்ராஜ் அண்ணன். "யாருக்குச் சொல்லுவான்னு நெனச்ச?"

"அந்த வீட்டுக் கோழிய வளக்கிறது அவங்கதான்."

அமிர்தவள்ளி அக்கா வீட்டில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். ஆள் போய்க் கூப்பிட்டதும் மடியில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டே படியேறி வந்தாள். ஏறும்போதே ரத்தினசாமி மேல்படிக்குப் போய் நின்று அடிக்குரலில் ஏதோ சொன்னார். "ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டுப் போ" என்றது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

அவள் அவரைத் தாண்டி வந்தாள். புகையிலைக் கறை ஏறிய விரல்களால் குஞ்சை வாங்கினாள். திருப்பினாள். தலைமேல் வாயை வைத்து மெல்ல ஊதினாள். பஞ்சு விலகியது. பொட்டு தெரிந்தது.

அவள் குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மாடியில் ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பிரிசில்லா அக்கா எழுந்திருக்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அத்தனை வருடமும் அந்தப் பீடிக்காரியின் கையில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லேன்" என்றார் ரத்தினசாமி. "உனக்கு இன்னா தெரியும்? தெரியாதுன்னு சொல்லு."

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?" என்றாள் அமிர்தவள்ளி. "இது நம்ம வரிச்சேவலு குஞ்சு."

"ஏய்!"

"இன்னா ஏய்? கறுப்பு, தலையில பொட்டு. வருசம் பூரா நம்ம வீட்ல இப்படித்தான் பொரிக்குது. நான்தான் நொய்யி போட்டு வளக்கிறேன். எனக்குத் தெரியாதா?" புருஷன் பக்கம் திரும்பினாள். "பொய் சொல்லிட்டு வந்துடலாம்யா. நாளைக்கி இது வளந்து, றெக்கையில வரி போட்டுக்கினு, இதே தெருவுல நடக்கும். அப்ப மூஞ்சிய எங்க கொண்டு வெச்சிக்கிறது? நீ வீட்டுக்குள்ள இருந்துடுவ. நான் இல்ல தெருக்கொழாயில தண்ணி புடிக்கணும்."

கூட்டத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பாய் கையைத் தூக்கியதும் அடங்கினார்கள்.

"அப்ப இந்தப் பெட்டைங்க கூண்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே உங்க சேவலோட சேந்திருக்குது" என்றார் பாய் மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல. "அந்தம்மா வந்து சொல்லிச்சி. நாம கேக்கல. இந்தக் குஞ்சு கூண்டுல இருக்கிற சேவலுது கிடையாது. கூண்டுச் சேவலுக்குப் பொறந்ததெல்லாம் மொட்டை. ரத்தினசாமி, இன்னா சொல்ற?"

ரத்தினசாமி கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் இறங்கிவிட்டது.

"அப்ப என்னுதத்தான் நாய் தின்னுடுச்சா" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல்.

அதுவரைக்கும் அவர் அதை ஒரு தடவைகூட வாயால் சொல்லியிருக்கவில்லை. தெருவோரம் கிடந்த செவலை இறகுகளைப் பார்க்கப் பொறுக்காமல் கூட்டித் தள்ளியதும் அவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம். அமிர்தவள்ளி அக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அது என் கையில வாங்கித் தின்னும்யா. இது என்னப் பாத்தாலே கம்பியில போய் இடிக்குது. எனக்கு அன்னிக்கே டவுட்டுதான்" என்றாள், இப்போது குரலைத் தாழ்த்தி.

பிரிசில்லா அக்கா எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இந்தக் குஞ்செல்லாம் உங்களுதுதான். உங்க பெட்டைக்குப் பொறந்தது. இந்த மொட்டையில வர்ற சேவலு ஒவ்வொண்ணுக்கும் தாடி முளைக்கும். நாய்க்குப் போன உங்க சேவலு மாதிரியே, அதே கலர்ல வரும்."

"எனக்கு உன் சேவலும் வேணாம், உன் தாடியும் வேணாம்" என்றார் ரத்தினசாமி. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். பாதிப் படியில் நின்றார். திரும்பி வந்து, முறத்தைத் துணியோடு தூக்கிக்கொண்டு, கறுப்புக் குஞ்சையும் மனைவி கையிலிருந்து வாங்கி அதில் போட்டுக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, குஞ்சுகள் உருளாமல் இறங்கினார்.

பாய் ஜிப்பாப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

சேவல் அன்று மத்தியானமே அக்காவின் வீட்டுக்கு வந்துவிட்டது. வழியெல்லாம் பின்னால் வந்த கூட்டம் வாசலில் நின்றது. பெட்டைகளோடு இப்போதே விட்டுவிடுவாள், பார்க்கலாம் என்று ஆசையாக நின்றார்கள். சுந்தர்ராஜ் அண்ணன் ஒருபடி மேலே போய்க் கூண்டுக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, "வுடு வுடு, பாவம் எத்தினி நாளா காஞ்சி கெடக்குது" என்றார்.

அக்கா கதவைச் சாத்தினாள்.

இவ்வளவு நாளும் அவளுடைய இரண்டு இளம் பெட்டைகளும் தெருவில்தான் மேய்ந்தன. சேவல் போன துக்கத்தில் அவற்றை அடைக்கக்கூடத் தோன்றியிருக்கவில்லை. எந்தெந்தச் சேவலோடு சேர்ந்தனவோ, அந்த வரிச்சேவலோடுகூடச் சேர்ந்திருக்கும். அவள் பெட்டைகள் இரண்டையும் பிடித்து வீட்டுக்குப் பின்னால் தனிக்கூண்டில் அடைத்தாள். சேவலை முன்பக்கம் ஒரு கூடைக்குள் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள்.

"இதுங்க வெக்கிற முட்டையெல்லாம் பொரியலுக்கு" என்றாள் புருஷனிடம். "மூணு வாரம் கழிச்சித்தான் சேவலு."

"மறுபடியும் மூணு வாரமா!" என்று தலையில் கை வைத்தார் அவர்.

கூடைக்குள்ளிருந்து சேவல் கூவியது. பின்பக்கத்திலிருந்து பெட்டை ஒன்று பதில் கொடுத்தது. வாசலில் நின்றவர்கள் கலையத் தொடங்கினார்கள். அக்கா வெள்ளைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கூடையின் இடுக்கு வழியாக அதன் தொண்டையை இன்னொரு தரம் பார்த்தாள்.